ஒரு செடி, இரண்டு நீதி!

நெடுந்தீவுக் கடலில் வள்ளம் ஒன்று மறிக்கப்பட்டது. பொதிபொதியாகக் கஞ்சா கைப்பற்றப்பட்டது. வள்ளத்தில் இருந்தோர் கைது செய்யப்பட்டு, ஊர்காவற்றுறை நீதவான் முன்னிலையில் நிறுத்தப்பட்டு, விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். இத்தகைய செய்தியைத் தீவக மக்கள் எத்தனை முறை படித்துவிட்டனர்! இடத்தின் பெயர் மாறும். ஒருநாள் நயினாதீவு, மற்றொருநாள் மண்டைதீவு, பிறிதொருநாள் காரைநகர். நிறையின் கணக்கும் மாறும். பெரும்பாலும் மாறாதது ஒன்றுண்டு. அகப்படுபவன் கூலிக்கு வள்ளம் விட்டவன்; பொதிக்குப் பணம் போட்டவன் அல்லன்.

இந்தச் செய்திகளுக்கு நடுவே, 2025 ஆகஸ்டில் வேறொரு செய்தியும் வந்தது. ஏற்றுமதிக்காகக் கஞ்சாச் செடியை மீரிகமவில் பயிரிட ஏழு வெளிநாட்டு முதலீட்டாளருக்கு அரசு இடமளிக்கின்றது என்பதே அச்செய்தி. அதே ஆண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள், போதைப்பொருளுக்கெதிரான பெரும் தேசிய இயக்கம் ஒன்றைச் சனாதிபதி கொழும்பில் தொடக்கி வைத்தார். வேலிக்கு அப்பால் அச்செடி அந்நியச் செலாவணி. வேலிக்கு இப்பால் அதுவே சிறைவாசம்!

கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா என்ற விவாதம் இன்று உலகெங்கும் நடைபெறுகின்றது. கொழும்பிலும் நடைபெறுகின்றது. அதன் பாரத்தைத் தோளில் சுமக்கின்ற தீவகத்தில் மட்டும் அது நடைபெறவில்லை. இருபக்கத்து நியாயங்களையும் வாசகர் முன் வைத்து, நம் முடிவையும் ஒளிக்காமல் கூறுதல் கடமை எனக் கருதுகின்றோம்.

சட்டம் வந்த வரலாறு

கஞ்சா நமக்குப் புதிதன்று. சித்த வைத்தியமும் ஆயுர்வேதமும் அதனைச் சுத்திசெய்து மருந்திற் சேர்த்து வந்தன. பிரித்தானியர் இந்தியாவை ஆண்ட காலத்தில், 1893ஆம் ஆண்டு, கஞ்சாவை ஆராய்வதற்கென ஓர் ஆணைக்குழுவை நியமித்தனர். ஊர் ஊராகச் சென்று சாட்சியம் பதிந்த அக்குழு, அடுத்த ஆண்டு ஏழு தொகுதிகளாக அறிக்கை தந்தது. அளவோடு பயன்படுத்துவதால் பெருங்கேடு இல்லை. அளவு மீறினால் கேடு உண்டு. முற்றாகத் தடை செய்வதிலும் வரி விதித்து, உரிமம் வழங்கி, கட்டுப்படுத்துவதே தக்கது. இதுவே அதன் முடிபு.

அந்த முடிபு நிலைக்கவில்லை. 1925இன் ஜெனீவா உடன்படிக்கை கஞ்சாவை உலகக் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இலங்கையில் 1929இல் நஞ்சுகள், அபின், ஆபத்தான ஒளடதங்கள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. குடியேற்ற ஆட்சி இயற்றிய அச்சட்டமே, திருத்தங்களோடு, இன்றும் நம்மை ஆள்கின்றது. 1984ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கத் திருத்தம் ஹெரோயின் முதலியவற்றுக்கு மரண தண்டனையைக் கொண்டுவந்தது. 2022ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டம் ‘ஐஸ்’ எனப்படும் மெதம்பெற்றமினை அக்கொடும் பட்டியலிற் சேர்த்தது. கஞ்சாவுக்கு அத்துணைக் கடுமை இல்லையெனினும், வைத்திருத்தலும் வளர்த்தலும் கடத்தலும் விற்றலும் குற்றங்களாகவே நீடிக்கின்றன. சுதேச வைத்தியத்துக்கு மட்டும் ஒரு சிறு வாயில் திறந்திருக்கின்றது.

உலகமோ நகர்ந்துவிட்டது. 1961இன் ஐ.நா. தனிப் பேருடன்படிக்கை கஞ்சாவை மிகக் கொடிய பொருள்களின் வரிசையில் வைத்திருந்தது. 2020 டிசெம்பரில், 27க்கு 25 என்ற வாக்குகளால், அது அவ்வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. கட்டுப்பாடு நீங்கவில்லை, மருந்துக்கும் பயன்படாத பொருள் என்ற இழிபெயரே நீங்கிற்று.

ஆதரிப்போர் கூறுவன

சட்டபூர்வமாக்கலை ஆதரிப்போர் மூன்று நியாயங்களை முன்வைக்கின்றனர்.

முதலாவது, தடை பொருளை ஒழிப்பதில்லை. விலையை உயர்த்தி, வியாபாரத்தைக் கள்ளன் கையிற் கொடுக்கின்றது. இதனை நம் கடலே நமக்குக் கற்பித்தது. 2019இன் இறுதியில் மஞ்சள் இறக்குமதி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு என்ன நிகழ்ந்தது? கறிக்கு இடுகின்ற மஞ்சள் பாக்குநீரிணையில் கடத்தற் பொருளாயிற்று! கஞ்சாப் பொதிகள் வந்த வழியே மஞ்சள் மூடைகளும் வந்தன; பொலிசாரும் கடற்படையினரும் மஞ்சளைக் கைப்பற்றிச் செய்தி கொடுத்தனர். மஞ்சளில் போதையில்லை, போதை இருந்தது இலாபத்தில்.

இரண்டாவது, தண்டனை எல்லார் மீதும் ஒரே அளவில் விழுவதில்லை. அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் ஏறத்தாழ ஒரே விகிதத்திற் கஞ்சாவைப் பயன்படுத்தியபோதும், கறுப்பர் ஏறக்குறைய நான்கு மடங்கு கைது செய்யப்பட்டனர் என 2013இல் வெளியான ஆய்வொன்று காட்டிற்று. அங்கே நிறம், இங்கே வறுமை. இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்றுச் செல்வோரில் பெரும்பகுதியினர் தண்டப்பணம் கட்ட வழியற்றவர் என்பதைச் சிறைச்சாலைத் திணைக்களத்தின் புள்ளிவிவரங்களே ஆண்டுதோறும் கூறுகின்றன. பணம் உள்ளவன் கட்டிவிட்டு வீடு செல்கின்றான். இல்லாதவன் உள்ளே செல்கின்றான். நீதிமன்ற வாசலில், காதிற் கிடந்த தோட்டை அடகு வைத்துவிட்டு வந்து நிற்கும் தாய்மாரைச் சட்டத்தொழில் புரிவோர் காணாத நாளில்லை. 2023 டிசெம்பரில் தொடங்கிய ‘யுக்திய’ நடவடிக்கையில் ஒரு மாத காலத்துள் இருபத்தொன்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கைது செய்யப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை நிபுணர்கள் கவலை தெரிவித்தனர். அத்தனை பேரைப் பிடித்தும் கடத்தல் நின்றதா? மறுமாதமும் வள்ளங்கள் மறிக்கப்பட்டன.

மூன்றாவது, வருவாயும் மருந்தும். கொலராடோ மாநிலம் 2014இல் விற்பனையைத் தொடங்கி, வரியில் ஒரு பங்கைப் பள்ளிக்கூடக் கட்டிடங்களுக்குச் செலவிட்டது. கஞ்சாவிலிருந்து பிரித்தெடுத்த மருந்தொன்று, குழந்தைகளைத் தாக்கும் இருவகைக் கொடிய வலிப்பு நோய்களுக்கென 2018இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனத்தின் அனுமதியைப் பெற்றது. புற்றுநோய்ச் சிகிச்சையால் வரும் வாந்தியைத் தணிப்பதிலும் கஞ்சாச் சார்ந்த மருந்துகள் பயன்படுகின்றன. நோயாளிக்கு உதவும் மருந்தை வெறுப்பின் காரணமாக மறுப்பது அறிவுடைமையாகாது.

எதிர்ப்போர் கூறுவன

எதிர்ப்போரின் நியாயங்களும் எளிதில் ஒதுக்கத்தக்கவையல்ல.

பயன்படுத்துவோரில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அதற்கு அடிமையாகின்றார் என்பது மருத்துவர் கணக்கு. இளவயதிலே தொடங்குபவர்க்கு ஆபத்து மேலும் அதிகம். வீரியம் மிக்க கஞ்சாவை நாள்தோறும் புகைப்பவரிடையே மனநோய் மிகுதியாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பாட்டன் காலத்துச் செடியும் இன்று கூடங்களில் வீரியம் ஏற்றி வளர்க்கப்படும் செடியும் ஒன்றல்ல. ஆகவே 1894இன் அறிக்கையை இன்றைக்கு அப்படியே வேதமாகக் கொள்வதும் பிழை. கடைகள் திறந்த அமெரிக்க மாநிலங்களில், கஞ்சா கலந்த இனிப்பைத் தெரியாமல் உண்ட சிறுவர் மருத்துவமனைக்குக் கொணரப்படுவது அதிகரித்தது.

தாய்லாந்தின் அனுபவம் நமக்கு இன்னும் நெருங்கியது. 2022 ஜூனில் அந்நாடு கஞ்சாவைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கிற்று. தக்க சட்டம் இயற்றுமுன்னரே ஆயிரக்கணக்கில் கடைகள் முளைத்தன. மூன்றாண்டு கழிந்து, 2025 ஜூனில், மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அதே நாடு கதவைச் சாத்த நேர்ந்தது. அணை கட்டாமல் மடை திறந்ததன் பயன் அது.

நம் நாட்டிலேயும் பாடம் உண்டு. சுதேச மருந்தின் பெயரால் மதனமோதகம் போன்ற பாகுகள் மாணவர் கைக்கு எட்டும் பெட்டிக்கடைகள் வரை வந்ததை அறியாதார் யார்? மருந்துக்கென்று திறந்த சிறு வாயிலிற்கூடக் காவல் சரியில்லாதவிடத்து, பெருவாயிலைத் திறப்பது தகுமா என ஆசிரியரும் பெற்றோரும் கேட்பது நியாயமே. போர் சிதைத்த சமூகம் நம்முடையது. 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவக மக்கள் ஊர்களைவிட்டுப் பெயர்ந்தனர், மீளாதோர் பலர். கதவில்லா வீடுகளும் காவலில்லாக் கரைகளும் எஞ்சின. ஹெரோயினும் ஐஸும் யாழ்ப்பாணத்து இளைஞரின் நரம்பிலே ஏறியதைக் கண்ணாரக் கண்டோம். இந்நிலையில் இன்னொரு போதைக்குக் கடை திறப்பதை எந்தத் தாய் வரவேற்பாள்?

கமக்காரருக்கு ஒரு சொல்

‘கஞ்சா பயிரிட்டால் நம் தோட்டங்கள் பொன் விளையும்’ என்ற பேச்சும் அங்குமிங்கும் கேட்கின்றது. கமக்காரரை எச்சரிக்கின்றோம். ஏற்றுமதி மருந்துக் கஞ்சா, கிணற்றடியில் நட்டுப் பட்டை இறைத்து வளர்க்கும் பயிரன்று. வேலியும் காவலும், ஆய்வுகூடச் சான்றும், பெருமுதலும் வேண்டும். உவரேறிய கிணறுகளோடு போராடும் தீவகத் தோட்டக்காரனுக்கு அந்த வாசல் எளிதில் திறவாது. கனடாவில் 2018இல் விற்பனை தொடங்கியபோது பங்குகளை வாங்கிக் குவித்தோர், சில ஆண்டுகளுக்குள் அவற்றின் மதிப்புச் சரிந்ததைக் கண்டனர்.

புகையிலை நமக்கு இதைச் சொல்லித்தந்த பயிர். யாழ்ப்பாணத்துப் புகையிலை ஒரு காலம் மலையாளக் கரையை நம்பி வாழ்ந்தது. அங்கே தீர்வை ஏறியதும் இங்கே குடும்பங்கள் தள்ளாடின. பின்னர், புகையிலைச் செய்கையை 2020க்குள் நிறுத்துவோமெனக் கொழும்பில் அறிவித்தார்கள். பதிலாக எதை நடுவதென்று கமக்காரனுக்கு உறுதியாகச் சொன்னவர் இல்லை. பிறர் விருப்பத்தால் வாழ்ந்து, பிறர் விருப்பத்தால் வீழும் பயிரை நம்பி நிலத்தை ஈடு வைக்கவேண்டா.

கள்ளும் சீவல் தொழிலாளரும்

போதைப்பொருளைச் சட்டத்தால் ஆள்வது எப்படி என்பதற்கு நம் பனையே மற்றொரு சான்று. 1912இன் மதுவரிக் கட்டளைச் சட்டம் வந்ததோடு, பரம்பரையாக மரமேறியவனின் தொழில் உரிமத்துக்குட்பட்டது. உரிமம் குத்தகைக்காரனுக்கு, வழக்கு மரமேறியவனுக்கு! முட்டியோடு பிடிபட்டு நீதிமன்றம் ஏறிய சீவல் தொழிலாளர் எத்தனை பேர்! 1970களின் தொடக்கத்தில் கூட்டுறவுச் சங்கங்கள் அமைந்து, கள் விற்பனை தொழிலாளர் கைக்கு வந்தபின்னரே அவர்தம் நிலையிற் சிறிது வெளிச்சம் உண்டாயிற்று. கள் குடிப்பதை நாம் போற்றவில்லை. ஆனால் தடைக்கும் தாராளத்துக்கும் இடையே மூன்றாவது வழியுண்டு. அது ஊரவர் பொறுப்பேற்கும் வழி என்பதை அந்த வரலாறு காட்டுகின்றது.

முடிவு செய்ய வேண்டியவர் யார்?

அமெரிக்காவில் 2012இல் கொலராடோ, வாஷிங்டன் மாநில மக்கள் வாக்களித்துக் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கினர். மத்திய அரசின் சட்டம் அப்போதும் அதனைக் குற்றமென்றே கூறிற்று. எனினும் மாநில மக்களின் தீர்ப்பு நின்றது. ஒரு மாநிலம் திறந்தது, மற்றொன்று மறுத்தது, பிறிதொன்று மருந்துக்கு மட்டும் இசைந்தது. ஒருவர் பிழையிலிருந்து மற்றவர் கற்றனர். தம்மைத் தாமே ஆளும் மக்களுக்குக் கிடைக்கும் நன்மை இதுவே.

நம் நிலை யாது? ஆபத்தான ஒளடதங்கள் பற்றிய சட்டம் பாராளுமன்றத்தின் சட்டம். அதனை மாகாணசபை மாற்றவியலாது என்பதை நாமறிவோம். ஆயினும் சுதேச மருத்துவம், கமத்தொழில், கூட்டுறவு, சமூகசேவை ஆகியன பதின்மூன்றாம் திருத்தத்தின் மாகாணப் பட்டியலில் உள்ளன. மருந்தும் பயிரும் புனர்வாழ்வும் இவற்றோடு பின்னியவை. இவைபற்றி வடமாகாணத்தின் கருத்தைக் கூறவேண்டிய சபை எங்கே? 2013 செப்டெம்பரில் தெரிவான வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன்பின் நெடுங்காலம் தேர்தலின்றி ஆளுநர் ஆட்சியே நடந்தது. நம் கரையில் நிகழும் தீமைக்கு நம் பிள்ளைகள் தண்டனை பெறுகின்றனர். நம் கரைக்கு வேண்டிய பரிகாரத்தை விவாதிக்க நமக்கு மன்றமில்லை. இதனினும் பெரிய முரண்பாடு வேறுண்டோ?

இன்னும் ஒன்று. கடத்தலின் வேரைக் கரையில் தேடினாற் போதாது. இந்திய இழுவைப் படகுகள் அடிமடியை வாரிச் செல்லும்போது, நெடுந்தீவு மீனவனின் வலை கிழிகின்றது. இழுவை மடியைத் தடைசெய்யும் 2017இன் 11ஆம் இலக்கச் சட்டம் ஏட்டிலே இருக்கின்றது. கடலிலே அதன் பயன் அரிதாகவே தெரிகின்றது. வலை கிழிந்த வீட்டில் ஓர் இரவுக் கூலியைக் காட்டி ஆசை மூட்டுபவன் நுழைகின்றான். இதைக் குற்றத்துக்குச் சாட்டாகக் கூறவில்லை. நோய்க்குக் காரணமாகக் கூறுகின்றோம்.

நாம் வேண்டுவது

இருதரப்பையும் சீர்தூக்கி, நாம் கொண்ட முடிபு இது.

ஒன்று: கஞ்சாவைப் பொதுக்கடையில் விற்க அனுமதித்தல் இன்றைய நிலையில் நம் சமூகத்துக்கு ஆகாது. தாய்லாந்து தடுமாறிய படியிலே நாமும் தடுமாற வேண்டியதில்லை.

இரண்டு: சொந்தப் பாவனைக்குச் சிறிதளவு வைத்திருந்தவனைக் குற்றவாளியாக்கிச் சிறைக்கனுப்புதல் ஒழிய வேண்டும். போர்த்துக்கல் 2001 முதல் அத்தகையோரை நீதிமன்றத்துக்கன்றி, மருத்துவரும் சமூகப் பணியாளரும் இருக்கும் குழுவின்முன் அனுப்புகின்றது. விற்பனை அங்கே இன்னும் குற்றமே. நோய் மட்டும் குற்றமன்று. இதே ஏற்பாட்டை நாமும் கோருகின்றோம். சிகிச்சை மருத்துவர் கையில் இருத்தல் வேண்டும். சீருடையினரின் முகாம் சிகிச்சைச்சாலையாகாது.

மூன்று: மருந்துக்கான கஞ்சாவை அரசின் கண்டிப்பான மேற்பார்வையில், பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர்க்கும் மேல்நாட்டு மருத்துவர்க்கும் முறையாகக் கிடைக்கச் செய்தல் வேண்டும். கைதடியில் நம் பல்கலைக்கழகம் சித்த மருத்துவம் கற்பிக்கின்றது. ஆராய்ச்சிக்கு அவர்க்கு உரிமமளிக்கத் தயங்கிக்கொண்டு, அந்நிய முதலாளிக்குத் தோட்டம் அளப்பது என்ன நியாயம்? ஏற்றுமதிப் பயிராக அனுமதிப்பதாயின், இந்நாட்டுக் கூட்டுறவுகளுக்கும் அதில் இடம் இருத்தல் வேண்டும். இல்லையேல் ஒருவர்க்கும் வேண்டா.

நான்கு: சட்டத்தின் வலிமை பொதிக்குப் பணம் போட்டவன்மீது திரும்ப வேண்டும். வள்ளக்காரனோடு வழக்கு முடிந்துவிடலாகாது. பணம் சென்ற வழியைத் தேடுக, சொத்தைத் தேடுக, துணைபோன உத்தியோகத்தன் உளனாயின் அவனையும் தேடுக.

ஐந்து: இவற்றையெல்லாம் சட்டமாக்குமுன், வடக்கின் மக்களைக் கேட்க வேண்டும். மாகாணசபை இயங்கவேண்டும், அதில் இது விவாதிக்கப்பட வேண்டும்.

வாசகரிற் பலருக்குக் கனடாவில் உறவினர் உளர். ஒன்ராறியோவில் பத்தொன்பது வயது நிரம்பியவர் கடையிற் சென்று கஞ்சா வாங்கலாம். முப்பது கிராம் வரை கையில் வைத்திருக்கலாம். புங்குடுதீவிலிருந்து சென்ற ஒருவரின் மகன் ரொறன்ரோவில் அதைச் செய்தால் அவன் வாடிக்கையாளன். புங்குடுதீவிலேயே தங்கிவிட்ட தம்பியின் மகன் அதைச் செய்தால் அவன் கைதி. இருவரும் ஒரு பாட்டனின் பேரர்கள். ரொறன்ரோவின் சட்டம் முழுதும் சரியென்றோ, இங்குள்ள சட்டம் முழுதும் பிழையென்றோ நாம் வாதிடவில்லை. அங்கே அந்த மக்கள் பேசி முடிவெடுத்தனர். இங்கே நமக்காக 1929இல் எவரோ முடிவெடுத்தனர். 2025இல் மறுபடியும் எவரோ முடிவெடுத்தனர்.

மருத்துவரே, ஆசிரியரே, சட்டத்தரணிகளே, உங்கள் சங்கங்களில் இதனை எடுத்துப் பேசுங்கள். கமக்காரரே, கடற்றொழிலாளரே, உங்கள் சங்கங்களில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புங்கள். வெட்கத்தால் மூடிவைக்கும் புண் ஆறுவதில்லை. தீவகத்துத் தாயொருத்தி தன் மகனைத் தேடி நீதிமன்ற வாசலில் நிற்கும்போது, ‘அவனுக்கு ஒரு நீதி, மீரிகமவில் வேலி போட்டவனுக்கு ஒரு நீதியா?’ என்று கேட்பாளாயின், அவளுக்கு விடை கூறும் கடமை அரசுக்கு உண்டு. அவளோடு நின்று அக்கேள்வியைக் கேட்கும் கடமை நமக்கு உண்டு.